சிவப்புக் காய் தெரிந்தது, மச்சான்

சண்டை போடக்கூட ஆளில்லாமல் என்னை விட்டுப்போன என் முனியாண்டி மச்சானுக்கு,

பெரிய சேதி. நேற்று கேரம் பலகையில் சிவப்புக் காயைப் பார்த்துவிட்டேன். என் சொந்தக் கண்ணால், மச்சான்!

என் கதைதான் உனக்குத் தெரியுமே. வயதாகி விழித்திரையின் நடுப்பகுதி கெட்டதிலிருந்து, எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் காணாமல் போகும். சுற்றிலும் பலகை இருக்கும், குறிவைக்கும் காய் இருக்காது. அப்போதுதான் நீ இருமத் தொடங்கினாய். ஒரு இருமல் என்றால் காய் இடப்பக்கம், இரண்டு என்றால் வலப்பக்கம். கிள்ளானில் நம்மை அடிக்க ஆளே இல்லை. கடைசி மாதங்களில் நீ நிஜமாகவே இருமினாய். அதை நம்பி அடித்து எத்தனை ஆட்டம் தோற்றேன்? சிரித்துச் சிரித்து உனக்கு இன்னும் இருமல் வந்தது.

நீ போனபிறகு நான் பலகையைத் தொடவில்லை.

மகள்தான் விடவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில் கண்ணுக்கு மின்சாரம் கொடுத்துப் பார்க்கிறார்களாம் என்று ரயிலில் இழுத்துக்கொண்டு போனாள். திரும்பிப் போய்விடலாம் என்று வழியெல்லாம் கெஞ்சினேன். டாக்டரம்மா வீண் ஆசை காட்டவில்லை. "அங்கிள், இது இன்னும் ஆராய்ச்சியில இருக்கிறதுதான். எல்லாருக்கும் கேக்காது. ட்ரை பண்ணிப் பாப்போம் லா" என்றார். மூடிய இமைமேல் ஈரப் பஞ்சு வைத்தார்கள். எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு, பிறகு இருட்டுக்குள் வெளிச்சம் துள்ளியது. நீ இருந்திருந்தால், கரண்ட் வைத்தாவது இவனுக்குப் புத்தி வரட்டும் என்றிருப்பாய்.

பல வாரம் போய்வந்தும் ஒன்றுமே இல்லை. அலுத்துப்போனேன். ஒரு காலையில் மகள் தேநீர் நீட்டும்போது நான் நேராகப் பார்த்த இடத்திலேயே அவளுடைய மூக்குத்தி மினுங்கியது. இனி நான் தனியாக ஆட முடியுமா, முடியாதா? அதைத் தெரிந்துகொள்ளாமல் சோறு இறங்கவில்லை. நேராகச் செல்வம் வீட்டுக்குப் போனேன். நம்மிடம் தோற்றே பழகிய அதே செல்வம்தான்.

காய் இருக்கும் இடத்தைச் சொல்லட்டுமா என்று கேட்டான். "நீ சும்மா இரு லா" என்றேன். குனிந்தேன். மங்கல்தான். ஆனால் நடுவில், நேர் நடுவில், சிவப்பு. அடித்தேன். காய் குழியின் விளிம்பில் முட்டி விலகி ஓடியது.

செல்வம் பாவப்பட்டு, "பரவால்லண்ணே, கொஞ்சத்துல மிஸ்ஸாயிருச்சு" என்றான். அவனுக்கென்ன தெரியும்? அது ஓடியதை யாரும் சொல்லாமல் நானே பார்த்தேன். வெட்கமில்லாமல் அவன் வீட்டிலேயே அழுதேன்.

இது எத்தனை நாள் நிலைக்கும் என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது. நிலைக்கும்வரை, இன்ஷா அல்லாஹ், விடாமல் ஆடுவேன். செல்வத்தை ஜோடி சேர்த்துக்கொள்ளப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. தோற்றாலும் இனி நானே பார்த்துத் தோற்பேன், மச்சான். இது சத்தியம்.

உன் மச்சான்,
கிள்ளான் காதர்