தொட்டியில் ஒட்டிய சீட்டு

ஜூன் 4

அன்புள்ள வாலு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். போனில் மருந்து என்ற பேச்சை எடுத்தாலே நீ லைனை வெட்டிவிடுகிறாய். கடிதத்தை வெட்ட முடியாது. கிழிக்கலாம், ஆனால் அதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு.

உன் பண்ணையில் கோழி பிடித்து லாரியில் ஏற்றுகிறவர், நீங்கள் நெட்டையன் என்று கூப்பிடுகிறவர், போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கூண்டுக் கம்பி விரலைக் கிழித்து, முழங்கை வரைக்கும் சிவந்து வீங்கியிருந்தது. புண்ணில் எடுத்த சீழ் என் மேஜைக்குத்தான் வந்தது. இருபத்தாறு வருஷமாக நான் செய்கிற வேலை உனக்குத் தெரியும். தட்டில் கிருமியை வளரவிட்டு, அதன்மேல் மருந்தில் நனைத்த சின்னக் காகிதப் பொட்டுகளை வைப்போம். மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றிக் கிருமி செத்து வட்டமாக வெளுத்துவிடும். எட்டுப் பொட்டு வைத்தேன். மறுநாள் பார்த்தால் ஏழில் வட்டமே இல்லை.

இவ்வளவு மருந்தைத் தாங்க இந்தக் கிருமி எங்கே பழகியது என்று வார்டுக்குப் போய் அவரையே கேட்டேன். "அக்கா ஒரு குறையும் வைக்கல சார். கோழிக்குக் கொடுக்கிற டின் மருந்தையே புண்ணுல தூவி கட்டிவிட்டாங்க" என்று பெருமையாகச் சொன்னார்.

அந்த டின் மருந்தை எப்போதிலிருந்து, எத்தனை நாள் கொடுக்கிறாய்? ஒரு வரி பதில் போதும். உன் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்றா? மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்

*

ஜூன் 10

அண்ணா,

'அன்புள்ள' போட மனசு வரவில்லை. மேலே இடம் விட்டிருக்கிறேன், கோபம் தணிந்ததும் எழுதிக்கொள்கிறேன்.

என் ஆள் உன் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். அவருக்கு இரண்டு பழம் வாங்கிக் கொடுத்தாயா? இல்லை. போலீஸ்காரன் மாதிரி விசாரணை நடத்தியிருக்கிறாய்.

ஒரு வரி கேட்டாய், தருகிறேன். குஞ்சு வந்து இறங்குகிற அன்றைக்கு ஆரம்பித்து, லாரி ஏறுவதற்கு முந்தின வாரம் வரைக்கும், தினமும், தண்ணீர்த் தொட்டியில். நோய் வந்தபிறகு அழுவதைவிட வருமுன் கொடுப்பது மேல். இங்கே எல்லாப் பண்ணையிலும் இதுதான் நடக்கிறது. தீவனக் கம்பெனிக்காரர் "இது மருந்தே இல்லக்கா, சத்துக்குத்தான்" என்கிறார். மூன்று கொட்டகையில் ஆறாயிரம் கோழி நிற்கிறது. இன்றைக்கு ஒன்று தும்மினால் நாளைக்கு நூறு தும்மும். விடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ச் செத்ததைப் பொறுக்கியிருக்கிறாயா நீ? உன் மேஜையில் தட்டுகள் சத்தமில்லாமல் இருக்கும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள். காய்ச்சல் வந்தால் நானும் அதில்தான் அரை ஸ்பூன் போட்டுக்கொள்கிறேன். டாக்டர் எழுதிக்கொடுக்கிற அதே மருந்துதானே. கோழிக்கு ஒத்துக்கொள்வது எனக்கு ஒத்துக்கொள்ளாதா?

அந்தக் கிருமி என் பண்ணையில்தான் பிறந்தது என்று எந்தத் தட்டில் எழுதியிருந்தது? உங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே ஒட்டியிருக்கலாம். முடிந்தால் நிரூபி.

கர்ப்பப்பைக் கட்டியை ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி எடுக்கிறார்கள், உங்கள் ஆஸ்பத்திரியிலேயே. எனக்குப் பயமில்லை என்று எழுதி, அந்த வரியை அடித்துவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது.

பண்ணைக்காரி

*

ஜூன் 15

அன்புள்ள வாலு,

நேற்று நெட்டையனின் வலது கை ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த அந்த ஒரே மருந்தைக் கொடுத்துக் கையைக் காப்பாற்றியாயிற்று, விரலைக் காப்பாற்ற முடியவில்லை. பழம் வாங்கிக் கொடுத்தேன். இடது கையால் உரிக்கப் பழகிக்கொண்டிருக்கிறார்.

நீ அரை ஸ்பூன் போட்டுக்கொள்வதாக எழுதிய வரியைப் படித்ததும், உன் அண்ணியைக் கூப்பிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். திட்டி ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

நிரூபி என்றாய். எங்கள் தலைமை டாக்டரிடம் அனுமதி வாங்கி, பார்சலில் பஞ்சு சுற்றிய ஐந்து குச்சிகள் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாய் இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று கொட்டகைகளின் தரைத் தூசில் ஒவ்வொன்று. நான்காவதைத் தொட்டியிலிருந்து தண்ணீர் போகிற குழாயின் உள்பக்கம் தேய். ஐந்தாவது உன் மூக்குக்குள். உள்ளே விட்டு மெதுவாகச் சுற்றினால் போதும், வலிக்காது. பஸ்ஸில் அன்றைக்கே கொடுத்துவிடு. ஐந்தாவது மட்டும் வேண்டாமென்றால் விட்டுவிடு, வற்புறுத்தவில்லை.

வற்புறுத்தத்தான் செய்கிறேன்.

அண்ணன்

*

ஜூன் 22

அண்ணா,

விரல் போன செய்தியை அவர் வீட்டுக்கு நானே போய்ச் சொன்னேன். அவர் மனைவி என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள்.

ஐந்து குச்சியும் வருகின்றன. மூக்கில் விட்டதும் ஒன்பது தும்மல் போட்டேன். உங்கள் வீட்டு மாப்பிள்ளை பக்கத்தில் நின்று எண்ணினார், வேறு உதவி எதுவும் செய்யவில்லை.

நாலாவது குச்சிக்காகத் தொட்டிமேல் ஏறியபோது ஒன்று கண்ணில் பட்டது. தினமும் பார்ப்பதுதான், ஆனால் அன்றைக்குத்தான் படித்தேன். பண்ணை ஆரம்பித்த வருஷம், முதல் தொகுதிக் குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தபோது நான் உனக்குப் போன் செய்து அழுதேனே, ஞாபகம் இருக்கிறதா? மறுநாளே பஸ் ஏறி டின்னோடு வந்தாய். நீயே கலக்கிக் காட்டினாய். போகும்போது உன் லேப் ஃபாரத்தின் பின்பக்கத்தில் எழுதி, தொட்டியில் ஒட்டிவிட்டுப் போனாய். பிளாஸ்டிக் தாள் போட்டு நான் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

"ஒரு குடத்துக்கு ஒரு ஸ்பூன்.
காலையில் முதல் தண்ணீரில்.
நன்றாகக் கலக்கவும்."

'நன்றாக' என்பதற்கு அடிக்கோடு வேறு. பதினொரு வருஷமாகப் புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் முதலில் அதைத்தான் படிக்கச் சொல்வேன். "எங்க அண்ணன் எழுதினது, பெரிய ஆஸ்பத்திரியில இருக்கார்" என்பேன். ஒரு நாள்கூடத் தவறாமல் நீ சொன்னபடி செய்தேன் அண்ணா. எத்தனை நாள் கொடுக்கவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும் என்று நீ எழுதவே இல்லை.

இனி விசாரணையை உன்னிடமிருந்தே ஆரம்பி.

உன் தங்கை

*

ஜூலை 2

அன்புள்ள வாலு,

முதல் நான்கு தட்டிலும் நெட்டையனின் விரலில் இருந்த அதே கிருமி. அதே ஏழு பொட்டுக்கு வட்டமில்லை. ஐந்தாவது தட்டை மட்டும் இரண்டு தடவை செய்தேன், முதல் தடவை நான்தான் தப்புச் செய்திருப்பேன் என்று. தப்பில்லை. உன் மூக்கிலும் அதுதான் இருக்கிறது.

சீட்டைப் பற்றி 'மறந்துவிட்டேன்' என்று எழுத உட்கார்ந்தேன். நான் மறக்கவில்லை. அந்தக் குஞ்சுகள் பிழைத்ததைச் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டவன் நான். ஐந்து நாள் கொடுத்து நிறுத்தவேண்டிய மருந்து அது. கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் கொடுத்தால் சாகிற கிருமி செத்துவிடும், சாகாததெல்லாம் நின்று பெருகும். இது என் தொழில், எனக்குத் தெரியாதா? அன்றைக்குப் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் விட்டுவிட்டேன். பிறகு இத்தனை வருஷத்தில் இரண்டு தடவை போனில் ஆரம்பித்தேன், இரண்டு தடவையும் நீ வெட்டினாய். நீ வெட்டியதில் எனக்கு உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்தது. என்னை மன்னித்துவிடு என்று கேட்க இந்தக் கடிதம் போதாது.

இப்போது உன் ஆபரேஷன். மூக்கில் சும்மா உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அது உன்னை ஒன்றும் செய்யாது. வயிற்றைத் திறக்கும்போது உள்ளே போனால், அதைக் கொல்ல ஒரே ஒரு மருந்துதான் கையில் இருக்கிறது. அதுவும் பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்று உனக்கு ஆபரேஷன் செய்யப்போகிற பெரிய டாக்டர் கேட்கிறார். களிம்பும் குளியல் மருந்தும் கொடுத்து மூக்கைச் சுத்தம் செய்துவிடலாம். ஆனால் நீ மறுபடி கொட்டகைக்குள் போனால் அந்தத் தூசியிலிருந்து மறுபடி ஒட்டும். இரத்தப்போக்குக்கு மாத்திரை கொடுத்து நவம்பர் வரை தள்ளலாம், அதற்குமேல் கட்டி விடாது என்கிறார்.

நான்கு மாதம் இருக்கிறது. பண்ணையை மூடு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. என்ன செய்யவேண்டும் என்று நீயே சொல், நான் கூட நிற்கிறேன்.

அண்ணன்

*

அக்டோபர் 8

அண்ணா,

மூன்று மாதமாகப் பதில் போடாததற்குக் கோபம் காரணமில்லை, எழுத நேரமில்லை. பண்ணையை மூடவில்லை. மூட மாட்டேன். இதை இங்கே கொண்டுவந்தவர்கள் நாம், இங்கேயே முடித்துவிட்டுத்தான் மறுவேலை.

கோழி போகப் போக ஒவ்வொரு கொட்டகையாகக் காலி செய்தேன். தரையைச் சுரண்டி, சுண்ணாம்பு அடித்து, ஒரு மாதம் வெறுமனே காயப் போட்டேன். தண்ணீர்க் குழாய் முழுவதையும் பிடுங்கி மாற்றினேன். பழைய குழாயை அறுத்துப் பார்த்தால் உள்ளே விரல் கனத்துக்கு வழுவழுவென்று பாசி மாதிரி இருந்தது. பதினொரு வருஷமாக நம் மருந்து அதற்குள்தான் ஊறியிருக்கிறது. குஞ்சு பாதிதான் இறக்கினேன், பக்கச் சுவரை இடித்து வலை போட்டேன், கால்நடை டாக்டரம்மாவைக் கூப்பிட்டுத் தடுப்பூசி போட்டாயிற்று. தொட்டியில் தண்ணீர் மட்டும்.

களிம்பு போட்டதிலிருந்து நான் உள்ளே காலே வைக்கவில்லை. வலைக்கு வெளியே நாற்காலி போட்டு, அங்கிருந்தே கத்துகிறேன். கோழிகளெல்லாம் என்னை மறந்துவிட்டன. உள்ளே ராஜாங்கம் நெட்டையனுடையது. வாசலில் செருப்பு மாற்றாமல், கை கழுவாமல் யாரையும் விடமாட்டார். மறுத்துப் பேசுகிறவர்களிடம் அந்த வலது கையைத் தூக்கிக் காட்டுவார். உடனே செருப்பைக் கழற்றிவிடுவார்கள்.

இரண்டாம் கொட்டகையில் மூன்றாவது வாரம் தும்மல் வந்தது. முதல் நாள் இருபது, அடுத்த நாள் தொண்ணூறு. கூடை கூடையாக வெளியே வந்ததை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். வீட்டுக்குள் போய் டின்னைக் கையில் எடுத்துவிட்டேன் அண்ணா, பொய் சொல்ல மாட்டேன். உங்கள் மாப்பிள்ளை அதை வாங்கி, ஸ்கூட்டரில் வைத்து டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் எனக்குச் சொல்லாமல் செய்த ஒரே காரியம். டாக்டரம்மா செத்த கோழியைப் பரிசோதித்து, வேறு மருந்து எழுதிக் கொடுத்தார். அந்தக் கொட்டகைக்கு மட்டும், ஐந்து நாள். ஆறாம் நாள் காலையில் இன்னும் இரண்டு சாய்ந்தன. கை பரபரத்தது, ஆனால் நிறுத்தினேன். மிச்சமெல்லாம் நிற்கின்றன.

தீவனக்காரர் வந்தார். "அக்கா, சுத்துவட்டாரமே சிரிக்குது" என்றார். "சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சதும் மூக்குல ஒரு குச்சி விட்டுப் பார்க்கச் சொல்லுங்க" என்றேன். அவருக்கே ஒரு குச்சி வேண்டுமாம், அனுப்பு.

இத்துடன் ஐந்து குழாய்கள். நம்பர் போட்டிருக்கிறேன்.

வாலு

*

அக்டோபர் 19

அன்புள்ள வாலு,

முதல் கொட்டகை சுத்தம். இரண்டாவதும் புதுக் குழாயும் சுத்தம். மூன்றாவதில் இன்னும் இருக்கிறது, விடாமல் பார்க்கவேண்டும். ஐந்தாவது தட்டில் அந்தக் கிருமி இல்லை.

உடனே துள்ளாதே. ஒரு தடவை காணவில்லை என்பதால் போய்விட்டது என்று அர்த்தமில்லை. இங்கே இன்னும் இரண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் நவம்பர் மூன்றாம் தேதி உன்னைத் தொடுவார்கள். நான் துள்ளிவிட்டேன், அது வேறு விஷயம். தலைமை டாக்டர் பார்த்துவிட்டார்.

ஒரு வேண்டுகோள். அந்தச் சீட்டை எனக்கு அனுப்பிவிடு. என் கையாலேயே கிழித்துப் போடவேண்டும். அது அங்கே ஒட்டியிருக்கிறது என்று நினைத்தாலே எனக்குக் கூசுகிறது.

அண்ணன்

*

அக்டோபர் 27

அன்புள்ள அண்ணா,

மேலே பார், போட்டுவிட்டேன்.

சீட்டை அனுப்பியிருக்கிறேன். கிழிக்க அல்ல. இது கிழிந்தால் நாளைக்கே வேறு யாராவது வேறு சீட்டு ஒட்டுவார்கள், அதில் தீவனக் கம்பெனிப் படம் இருக்கும். இங்கே வேலை செய்கிறவர்களுக்கு உன் எழுத்தில்தான் நம்பிக்கை. கொட்டகைக்குக் கொட்டகை நான் கத்திச் சொன்னாலும், "சீட்டுல அப்படி இல்லையே அக்கா" என்கிறார்கள். கீழே பாதித் தாள் வெறுமையாக இருக்கிறது. நீ விட்டுப்போனதை நீயே எழுது.

திங்கட்கிழமை வந்து சேர்கிறேன். வயிற்றில் கத்தி வைக்கிறபோது மூன்றாம் கொட்டகையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருப்பேன், அதனால் யாரும் கவலைப்படவேண்டாம். நான் எழுந்து வராவிட்டால் நெட்டையனிடம் கொடுத்து ஒட்டச் சொல். வருவேன்.

உன் வாலு

*

நவம்பர் 9. உன் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன், விழித்ததும் பார்.

ஒரு குடத்துக்கு ஒரு ஸ்பூன்.
காலையில் முதல் தண்ணீரில்.
நன்றாகக் கலக்கவும்.

டாக்டரம்மா பார்த்து, எழுதிக் கொடுத்தால் மட்டும். அவர் சொன்ன மருந்து, அவர் சொன்ன அளவு, அவர் சொன்ன கொட்டகைக்கு.
அவர் சொன்ன நாளில் நிறுத்தவும். கோழி செத்தாலும் அவரைக் கேட்காமல் மறுபடி தொடங்கக் கூடாது.
மனிதர்கள் இதைச் சாப்பிடக் கூடாது. புண்ணில் போடக் கூடாது.
பதினொரு வருஷம் தாமதமாக எழுதியவன்: அண்ணன்.

பின்குறிப்பு: முந்தாநாள் உன் தையலில் லேசாக நீர் கசிந்ததே, அதைக் குச்சியில் எடுத்து என் மேஜைக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் காத்திருந்தேன். இன்று காலை தட்டைத் திறந்தேன். ஒன்றும் வளரவில்லை.