குற்றம் அம்மா காலிலா, இன்ஜினிலா

ஓசூர்,
திங்கள் மாலை.

அன்பு மகள் ஜெசிக்கு, அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் சுகம், உன் அம்மா சுகம், கார் இரண்டு வாரம் படுத்துக் கிடந்து நேற்றுதான் தேறியது. டென்மார்க் குளிரில் நீயும் மாப்பிள்ளை வெஸ்லினும் காது மூடி நடமாடுகிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்கு இவ்வளவு நீளக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் உன் அம்மா பின்னாலிருந்து திருத்துவாள், பேப்பரில் அந்தத் தொல்லை இல்லை.

அம்மாவுக்குச் சூளகிரிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாறுதல் வந்ததும், இரண்டு பஸ் மாறி நசுங்க முடியாது என்று ஐம்பது வயதில் கார் ஓட்டக் கற்றதும், முதல் டெஸ்ட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தோடு கைகுலுக்கிவிட்டு வந்ததும் உனக்குத் தெரியும். இரண்டாம் முறை லைசென்ஸ் வாங்கி, நன்றாகவே ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். சானமாவு காட்டு மேட்டில் வண்டி விக்கல் வந்தது போல் உலுக்கி, பிக்கப் செத்து, மீட்டரில் ஆரஞ்சு விளக்கு மினுக்கி, நடு ரோட்டில் நின்றேவிட்டது. யானை கடக்கிற இடம். பின்னால் கிரானைட் லாரிக்காரன் அடித்த ஹாரனுக்கு யானையே தேவலை. அந்த நேரத்தில் நான் செய்த ஒரே உதவி, "கிளட்ச ஒழுங்கா உட்டாத்தான கிருபா வண்டி போவும்" என்று சொன்னது. அவள் மறுபடி ஸ்டார்ட் செய்து, உலுக்க உலுக்க ஊர்ந்து வீடு வந்து சேர்ந்ததும், சாவியை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்றாள். திங்கட்கிழமை முதல் பழையபடி இரண்டு பஸ். சொன்னால் சொன்னதுதான் என்று உனக்கே தெரியும், அவள் மகள்தானே நீ.

நம் காலனியில் கார் கெட்டால் வைத்தியத்துக்கு ஆளா பஞ்சம், வீட்டுக்கு ஒருவர் காரில் ஏதோ ஒரு பாகம் செய்கிற கம்பெனிக்காரர். வினையே அதுதான். பக்கத்து வீட்டுப் பரமசிவம் போச்சம்பள்ளியில் காயில் செய்கிறவர், பிளக்குக்குக் கரண்ட் அனுப்புகிற சாமான். மாடி வீட்டு நவீன்குமார் இன்ஜெக்டர், பெட்ரோலைப் பீய்ச்சுவது. நான் பிளக், பொறி தட்டுவது, அதிலும் இன்ஸ்பெக்‌ஷன். மூன்று பேரும் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு பெரிய டாக்டர்கள் மாதிரி நின்றோம். "எங்க காயிலு போவாதுங்ண்ணா, இன்ஜெக்டரப் பாருங்க" என்றார் பரமசிவம். "எங்க சாமான் பத்து வருசம் பேசாது சார், மொதல்ல பிளக்கக் கழட்டுங்க" என்றார் நவீன்குமார். பிளக்கில் மட்டும் கை வைக்காதீர்கள், அது நானே பார்த்துப் பொறுக்கி மாட்டியது என்றேன். ஆகமொத்தம் எல்லாப் பாகமும் சுத்தம். எந்தக் கம்பெனியும் தயாரிக்காத ஒரே பாகம் டிரைவர்தான், எனவே கோளாறு அங்கே என்று ஒருமனதாக முடிவு செய்து டீ குடித்தோம். டீ போட்டுக் கொடுத்தவளும் அந்த டிரைவர்தான். டிரைவிங் வகுப்பில் சேர இருந்த நவீன்குமார் பெண்டாட்டி, டீச்சரக்காவே விட்டுட்டாங்க என்று பின்வாங்கிவிட்டாள். அன்று புருஷன் முகத்தில் தெரிந்த வெளிச்சத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

நேற்று ஆராதனை முடிந்து வருகிறோம், வாசலில் மெக்கானிக் கிருஷ்ணப்பன் பையோடு நிற்கிறார். கூப்பிட்டது அம்மா. "வண்டி ஒதர்ற இந்த மிஸ்ஸிங் எங்கால்லயா இன்ஜின்லயான்னு இன்னைக்குத் தெரிஞ்சாவணும். நிறுத்தி வெச்சு ஸ்டார்ட் பண்ணாலுந்தான் ஆடுது, உள்ள யாரு கால் வெச்சிருக்கா?" என்று என்னையும், வேடிக்கை பார்க்க வந்து நின்ற பரமசிவம், நவீன்குமாரையும் பார்த்துக் கேட்டாள். மூன்று டாக்டர்களும் வழிவிட்டு ஒதுங்கினோம். கிருஷ்ணப்பன் இன்ஜினை ஓடவிட்டு, மூன்று சிலிண்டரின் காயில் ஒயரையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினார். முதலாவதைப் பிடுங்கியதும் இன்ஜின் தொய்ந்தது, அப்படியென்றால் அது அதுவரை உழைத்திருக்கிறது. மூன்றாவதும் அப்படியே. இரண்டாவதைப் பிடுங்கினால் ஒரு மாற்றமும் இல்லை. "இவன் அட்டென்டன்ஸ் குடுத்துட்டு செவுரேறிக் குதிச்ச பையன்" என்றாள் அம்மா. அதன் காயிலை மூன்றாவதோடு மாற்றிப் பார்த்தார், கோளாறு இரண்டாவதை விட்டு நகரவில்லை. பரமசிவம் கைதட்டினார். பிறகு கிருஷ்ணப்பன் இரண்டாவதன் பிளக்கை மூன்றாவதோடு மாற்றினார். இரண்டாவது பிழைத்துக்கொண்டது, மூன்றாவது செத்தது. நவீன்குமார் "பாத்தீங்களா சார்!" என்று கத்தியது தேன்கனிக்கோட்டைக்கே கேட்டிருக்கும். பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்தால் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல், அதன்மேல் ஒரு கரிக்கோடு. பொறி போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் அந்த வழியாகத் தப்பித்துக்கொண்டிருந்ததாம். "எந்தக் கம்பெனி சீலுன்னு கண்ணாடி போட்டுப் படிங்ண்ணா" என்றார் பரமசிவம். படித்தேன். காதில் விழவில்லை, சத்தமா என்றார். சத்தமாகவும் படித்தேன்.

கிருஷ்ணப்பன் பையில் இருந்தது எங்கள் எதிரிக் கம்பெனி பிளக். மூன்றும் புதிதாக மாட்டினார். அதில் என் வண்டி தையல் மெஷின் மாதிரி ஓடுவதை நின்று கேட்டேன். நிறுத்திச் சாவியைப் பையில் போட்டேன். அம்மா வந்து என் சட்டைப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டாள். நான் முன்கதவைத் திறந்தேன். "பின்னாடி ஒக்காருங்க, முன்னாடி வந்தா உங்க வாய் சும்மா இருக்காது" என்றாள். நேராகச் சானமாவுக்கு விட்டாள். அதே மேடு, வண்டி முக்காமல் முனகாமல் ஏறியது. நல்லா ஓட்டுற கிருபா என்றேன். "பிளக்கச் சொல்றீங்களா, என்னயச் சொல்றீங்களா?" உன்னைத்தான் என்றேன். கியரை மாற்றினாள். இன்று காலை தனியாகவே பள்ளிக்கு எடுத்துப் போனாள்.

மாப்பிள்ளையிடம் சொல், காரில் அந்த ஆரஞ்சு விளக்கு மினுக்கினால் உடனே ஓரங்கட்ட வேண்டும், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் அங்கே புகையைச் சுத்தம் செய்கிற சாமானையும் கெடுத்துவிடுமாம். ராத்திரியில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுக்காதே. கர்த்தர் உங்கள் இருவரையும் போக்கிலும் வரத்திலும் காப்பாராக.

ஒன்று மறந்துவிடாதே. வண்டி நின்ற அன்று நான் போன் செய்தபோது, "அம்மாவுக்கு இந்த வயசுல எதுக்குப்பா கார்" என்றாயே, ஸ்பீக்கர் போட்டிருந்தேன். என் பங்கு மன்னிப்பை நான் கேட்டாயிற்று, இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. உன்னுடையதை நீயே தனியாகக் கேட்டுக்கொள். காலையில் கூப்பிடாதே, வண்டி ஓட்டிக்கொண்டிருப்பாள்.

உன் அப்பா,
யேசுராஜ்