அதே மூடி அளவு

மார்ச் 4, 2025

மூலனூரிலிருந்து மைத்துனன் ராசப்பன் வந்திருந்தான். முருங்கைத் தோட்டத்துக்கு வரும் பன்றிகளைச் சத்தம் போட்டு விரட்ட குழாயில் மருந்தைக் கொட்டிச் சுடும் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறான். வழக்கமான கடையில் வெடிமருந்து இல்லையாம். வேறு கடையில் வாங்கியதில் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டுவந்து காட்டினான். பழையது ரவை போல இருக்கும். இது கோலமாவு போல நைஸ்.

“சாயப்பட்டறை லேப்ல முப்பது வருசம் அளந்த கைங்க மாமா. நீங்க சொன்னாச் சரிங்க” என்றான்.

பழைய மருந்துக்கு நான் குறித்துக் கொடுத்த மூடி அளவையே போடச் சொன்னேன். சொல்லும்போதே ஒரு நெருடல். கடைக்காரரைப் போனில் கேட்டிருக்கலாம். இதுகூடத் தெரியாதா என்பாரோ என்று கேட்கவில்லை.

மார்ச் 5

ராசப்பனைக் கூப்பிட்டு, பொறு என்று சொல்ல மறந்தேன். இல்லை, மறக்கவில்லை. தள்ளிப்போட்டேன்.

மார்ச் 7

துப்பாக்கிக் குழாய் வெடித்துவிட்டது. ராசப்பனுக்கு இடது கையில் இரண்டு விரல் போயிற்று.

மார்ச் 9

ஆஸ்பத்திரி. என் மனைவி தெய்வாத்தாள் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே அழுதாள். அவன் என்னைப் பார்த்து, “மருந்தை ரெண்டு தடவை போட்டுட்டனாட்ட இருக்குதுங்க மாமா. நெனப்பே இல்லீங்க” என்றான்.

“இருக்கலாம்” என்றேன்.

இருக்கலாம்!

மார்ச் 10

லேபில் நான் போட்ட விதி: சாயத்தில் புது லாட் வந்தால் பழைய அளவை மறந்துவிடு, குறைவான அளவில் துண்டுத் துணியில் தொடங்கு, பார்த்துப் பார்த்து ஏற்று. இதை மீறியவர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். அங்கே தப்பினால் பனியனின் நிறம்தான் மாறும். நைஸான பொடி சட்டென்று எரியும் என்பது எனக்குத் தெரியாதா? பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி.

மார்ச் 21

ராசப்பன் வீடு திரும்பியிருக்கிறான். போலீசிடமும் தன் மறதி என்றே சொல்லியிருக்கிறான். அவன் மகன் ரித்தீஷ் வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டானாம். தோட்டத்தைக் குத்தகைக்கு விட ஆள் பார்க்கிறானாம். மாத்திரை போட்டேனா, போட்டேனா என்று ராசப்பன் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்கிறானாம்.

விரலை மட்டுமா எடுத்தேன்?

மார்ச் 24

மூலனூர் போனேன். பஸ்ஸில் மூன்று முறை ஒத்திகை பார்த்தும் வாசலில் எல்லாம் மறந்தது. ரித்தீஷும் இருந்தான். மருந்து வேறு, அளவு நான் சொன்னது, சந்தேகம் அன்றைக்கே வந்தது என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

ராசப்பன் கட்டுப்போட்ட கையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தான்.

“அப்ப நான் ஒருக்காத்தானுங்க போட்டேன்?”

“ஒருக்காத்தான்.”

“எம்புத்தி நல்லாத்தான் இருக்குதுங்களா?”

தலையாட்டினேன். “இத்தன நாளு ஏனுங்க மாமா சொல்லல?” என்றான். காபி கொடுத்தார்கள். குடிக்காமல் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன்.

திரும்பும் வழியில் போலீஸ் ஸ்டேஷனில் இதையே எழுதிக் கொடுத்தேன்.

மே 6

ராசப்பன் மகனிடம் சாவியை வாங்கி, தானே வண்டி ஓட்டிச் சந்தைக்குக் காய் கொண்டுபோனானாம். குத்தகைப் பேச்சு நின்றுவிட்டது. அக்காவிடம் போனில் சிரித்துக்கொண்டே சொன்னது எனக்கும் கேட்டது. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“மாமாகிட்டப் பேசறயா கண்ணு?” என்றாள் தெய்வாத்தாள்.

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். சிக்னல் போய்விட்டது என்றாள்.

போன் திரையில் நான்கு கோடும் இருந்தன.