பேராசிரியை வீட்டுக் கோழி

ஏப்ரல் 3, 2019
போன ஆண்டு எங்கள் மலாவியின் சில்வா ஏரி வற்றியபோது அதன் நடுவில் நின்று தும்மினேன். எழுந்த புழுதி மொசாம்பிக்கில் போய் இறங்கியது. பிறகு மழை வந்தது, நீர் வந்தது, மீனும் வந்துவிட்டது. எங்கிருந்து? இதைக் கண்டுபிடிக்க சோம்பாவில் உள்ள பல்கலைக்கழகம் ஒருவரை முனைவர் பட்டத்துக்கு எடுக்கிறது. நான்கு ஆண்டுக்கு உதவித்தொகை. ஒரே இடம். மீன்வளத் துறைக்காகக் கரையில் நின்று மீன் எண்ணியே பாதி ஆயுளைக் கழித்து, மாலை வகுப்பில் முதுகலையும் முடித்த என்னை விட்டால் யார்? வயது வரம்பு நாற்பத்தைந்து. அக்டோபரில் எனக்கு நாற்பத்தாறு. இந்த முறை இல்லையென்றால் எந்த முறையும் இல்லை.

மனைவி எனெலெசி யோசித்துவிட்டுச் சொன்னாள்: "பெரியவன் காலேஜ் முடிச்சிட்டான். இப்போ நீங்க பள்ளிக்கூடம் போறீங்க. டப்பாவுல என்சிமா களி கட்டித் தரவா?"

ஏப்ரல் 9
விண்ணப்பத்தில் மீனைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதிவிட்டேன். அப்புறம் ஒரு கேள்வி: உங்கள் சிறப்புகளைக் கூறுக.

தன்னைத் தானே புகழ்வதா? எங்கள் ஊரில் பெண் கேட்கப் போனாலும் மாப்பிள்ளை வாய் திறக்க மாட்டான். அவனுக்காகப் பேச என்கோஸ்வே என்று ஒரு பெரியவர் இருக்கிறார். 'உங்கள் முற்றத்தில் ஒரு கோழியைப் பார்த்தோம்' என்று அவர்தான் பேச்சைத் தொடங்குவார். சம்மதமென்றால் பெண் வீட்டார் நிஜமாகவே ஒரு கோழியைக் கொடுப்பார்கள், பிள்ளை வீட்டார் சேவல். எங்கள் குடும்பத்துக்கு அந்த என்கோஸ்வே நான்தான். ஆட்டுத் திருடனைக்கூடச் சிங்கமென்று சொல்லிக் கட்டிவைத்திருக்கிறேன்.

எனக்காக எழுதியது: "மீன் எண்ணுவேன்."

ஏப்ரல் 10
அக்கா மகள் தமாண்டா படித்துப் பார்த்தாள். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை, சிரிப்பதில் சிக்கனம்.

"ஊரான் பிள்ளைக்கு விடிய விடியப் பேசுவீங்க. உங்களுக்கு ரெண்டே வார்த்தையா, மாமா?"

மாற்றவில்லை. அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 22
பரிந்துரைக் கடிதம் கொடுக்க வேண்டியவர் மேலதிகாரி கச்சிங்வே. இன்று என் தோளில் தட்டி, உள்ளதை உள்ளபடி எழுதியிருப்பதாகச் சொன்னார். உழைப்பாளி, ஆனால் மிகைப்படுத்திப் பேசுவார் — என்று.

ஆராய்ச்சிக்காரனுக்கு இதைவிடப் பெரிய சாபம் உண்டா? போச்சு. எல்லாம் போச்சு. யாருய்யா கேட்டா உன்கிட்ட உண்மையை?

மே 6
நேர்காணலுக்கு அழைத்துவிட்டார்கள். இருக்கிற ஒரே கோட்டை நூறு முறை தேய்த்ததில் அது கைக்குட்டையாகிவிட்டது.

மே 15
நடுவில் பேராசிரியை கலிலானி. இரு பக்கமும் இரண்டு ஆசிரியர்கள். திரையில் நார்வேயிலிருந்து ஒரு வெள்ளைக்காரர். பேருந்துக்குத் துணை என்று சொல்லித் தமாண்டாவைக் கூட்டிப்போயிருந்தேன். வாசலில் நிற்கப் பார்த்தாள். கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டேன். ஏன் இழுத்தேன்? அப்போது எனக்கே தெரியாது.

உங்களை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பேராசிரியை கேட்டார். வாய் திறந்தது. சொல் வரவில்லை. தமாண்டாவைப் பார்த்தேன். அவள் பெருமூச்சு விட்டாள். முழங்காலை மடித்து வணங்கினாள். அச்சு அசலாக என்னைப் போலவே தொண்டையைச் செருமினாள்.

"இந்தப் பக்கமா போய்க்கிட்டிருந்தோம், அம்மா. உங்க முற்றத்துல ஒரு கோழி மேயறதைப் பார்த்தோம்."

ஆசிரியர்கள் இருவரும் பெண் வீட்டாரைப் போலத் தலை குனிந்துகொண்டார்கள். இதில் விண்ணப்பதாரர் யார், என்ன கோழி என்று நார்வேக்காரர் கேட்டார். பேராசிரியை பேனாவைக் கீழே வைத்தார்.

"கோழி ஒண்ணுதான். சேவல் நிறைய வந்திருக்கு. உங்க சேவலுக்கு என்ன குறை?"

முறையான கேள்வி. கொஞ்சம் கூச்ச சுபாவம் என்று பூசி மெழுகுவதுதான் என் வழக்கம்.

"வாயைத் திறந்தா அளப்புதான், அம்மா. எதைச் சொன்னாலும் பத்தால வகுத்துக்கணும்."

என் உயிர் எழுந்து ஜன்னல் வழியாக வெளியே போனது.

"ஆனா மீன் எண்ணும்போது அந்த வாய் கிடையாது. ஏரி வத்தின வருஷம் மேலதிகாரி, ஏதாவது ஒரு எண்ணைப் போடுய்யான்னு கெஞ்சினார். இவர் வாரா வாரம் பூஜ்யம்னுதான் எழுதினார். அதுல பதவி உயர்வு போச்சு. வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. நானா கண்டுபிடிச்சேன்."

அதற்குப் பிறகு மீனைப் பற்றி மட்டுமே கேட்டார்கள். அதற்கு மட்டும் எனக்கு நாக்கு வந்தது.

திரும்பும் பேருந்தில் நன்றி சொல்லத் தெரியாமல், நாலு பேர் முன்னால் என்னைப் புளுகன் ஆக்கிவிட்டாயே என்று சண்டை பிடித்தேன்.

"பேச்சுவார்த்தை முடியற வரைக்கும் சேவல் வாயை மூடட்டும்," என்றாள்.

மே 17
செய்தி இல்லை.

மே 21
இல்லை. பார்த்துப் பார்த்துச் செல்பேசியின் கண்ணாடி தேய்ந்து மறுபக்கம் தெரிகிறது.

மே 24
மதியம் பல்கலைக்கழக வண்டி வந்தது. ஓட்டுநர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தமாண்டா யார் என்று கேட்டு, அவளை வரவழைத்து, அவள் கையில்தான் கொடுத்தார். முறையான கடிதம் திங்கட்கிழமை வருமாம். அவள் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். சிரித்தாள் என்றே நினைக்கிறேன்.

எனெலெசி நல்ல சேவல் தேடிப் பக்கத்துத் தெருவுக்குப் போயிருக்கிறாள்.

கோழி, ஒன்று. பழுப்பு நிறம். கால் கட்டியிருந்தது. பத்தால் வகுக்க வேண்டாம்.