மூக்கிக்கு ஆகாத மாவு

பிப்ரவரி 6, செவ்வாய்

பேக்கரியில் மாவு பிசையும் மெஷின் காலையிலேயே மக்கர் பண்ணிவிட்டது. மொத்த மாவையும் கையால் பிசைந்ததில் தோள்பட்டை கழன்று போச்சு. முதலாளி எட்டிப் பார்த்து, "மாஸ்டர், உங்க கைக்கு முன்னாடி மெஷின் எம்மாத்திரம்?" என்றார். ஐஸ் வைப்பதில் மட்டும் குறைச்சலே கிடையாது.

மதியம் வீட்டுக்கு வந்தேன். மகள் மூக்கி கதவுக்குப் பின்னால் தயாராக நின்றாள். என் வலது கையைத் தூக்கி, சட்டைக்கை விளிம்பை மூக்கில் வைத்து இழுத்து ஒரு மூச்சு. அப்புறம் அதையே வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் சப்பல். ஆட்டிசம் என்று மூன்று வயதில் சொன்னார்கள், இப்போது ஏழு. இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. யாரையும் கட்டிக்கொள்ள மாட்டாள், பெற்றவளைக்கூட. எனக்கு மட்டும்தான் இந்தச் சட்டைக்கை மரியாதை. மூக்கி என்ற பேர் வந்தது இதனால்தான். என் பொண்டாட்டி இவளுக்கு உள்ளூரப் பொறாமை. "என்கிட்ட எதை மோந்து பாக்கப் போறா, பினாயிலையா?" என்பாள்.

குழந்தைக்கு விலா எலும்பு தெரிகிறது. வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போகிறது. பரிசோதனை எல்லாம் எடுத்தாகிவிட்டது, முடிவு வர வேண்டும்.

பிப்ரவரி 20, செவ்வாய்

செலியாக். வாயில் நுழையாத இந்தப் பேரை டாக்டர் இரண்டு முறை சொன்னார். கோதுமையில் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறதாம், அது மூக்கியின் குடலுக்கு எதிரி. தின்னத் தின்ன குடல் புண்ணாகும், சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டாது. மருந்து இல்லை. கோதுமையை ஆயுசுக்கும் நிறுத்துவது ஒன்றுதான் வழி. துளிகூட ஆகாதாம்.

"இவ பாலு, வாழைப்பழம், பன்னு, இந்த மூணைத் தவிர எதையும் தொடமாட்டா டாக்டர். அதுவும் இவர் போடுற பன்னு மட்டும்தான்" என்றாள் இவள். டாக்டர் என்னைப் பார்த்தார். பேக்கரி மாஸ்டர் என்று சொன்னேன். "இனிமே கடையிலிருந்து எதுவும் வீட்டுக்குக் கொண்டு வராதீங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன். நான் தலையாட்டியதைப் பார்த்து மூக்கியும் ஆட்டினாள்.

கிளம்பும்போது இவள் கேட்டாள், "நிறுத்துனா பேசுவாளா டாக்டர்?"

"வயிறு சரியாகும்மா. பேச்சையும் இதையும் நான் முடிச்சுப் போட மாட்டேன்."

கூட வந்த மச்சான் வண்டியில் ஏறிய பிறகு மெதுவாகக் கேட்டான், "மாமா, கோதுமைதானே கூடாது? மைதா குடுக்கலாம்ல?" மைதா என்ன மரத்திலா காய்க்குது என்றேன். அவன் நல்லவன்தான். எனக்குத்தான் யார் மேலாவது பாய வேண்டியிருந்தது.

பிப்ரவரி 25, ஞாயிறு

பன்னை நிறுத்தினோம். சாதம் வைத்தோம், தட்டு பறந்தது. கஞ்சி வைத்தோம், கிண்ணமும் பறந்தது. என் விரலைப் பிடித்து இழுத்துப் போய் பன் இருந்த டப்பா மேல் வைத்தாள். டப்பா காலி. திறந்து காட்டினேன். மூடி, மறுபடி என் விரலை அதன் மேல் வைத்தாள். எத்தனை தடவை என்று தெரியவில்லை. கடைசியில் தலையைச் சுவரில் முட்ட ஆரம்பித்துவிட்டாள்.

எல்லாருக்கும் பன் போடுறேன்... என் பொண்ணுக்கு இல்லை. என்னடா பொழப்பு இது.

பிப்ரவரி 27, செவ்வாய்

இன்றும் பால் மட்டும். அதுவும் பாதி.

மார்ச் 2, சனி

நூலகத்து மாடியில் சனிக்கிழமைதோறும் கூடுகிறார்களாம், ஆட்டிசம் பிள்ளைகளின் பெற்றோர். இவள் பிடிவாதமாக இழுத்துப் போனாள். அழுது வடியப் போகிறார்கள் என்று நினைத்தேன். அழவில்லை. ஒரு பையன் அலமாரியில் இருந்த புத்தகங்களை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான், யாரும் அவனை அதட்டவில்லை. மூக்கி மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள், "ஏன் அங்கே உட்கார்ந்திருக்கா?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

கூட்டத்தை நடத்துவது நூலகர் அக்கா. அவருடைய மகனுக்கு இருபது வயது, அவனும் பேசுவதில்லை. ஆணிக்கடைக்காரர் ஒருவர், கோதுமையை நிறுத்தியதும் தன் பையன் மணி மணியாகப் பேசுகிறான் என்றார். இவள் கண்ணில் ஒரு வெளிச்சம். நூலகர் அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"வயித்து வலி போனா புள்ளைங்க முகம் தெளியும்மா. அதுக்கு மேல யாரும் உறுதி சொல்ல முடியாது. உங்க பொண்ணுக்கு இது வைத்தியம், அதனால செய்யுங்க. பேசணும்னு செய்யாதீங்க."

இவள் சரி சரி என்றாள். அந்த வெளிச்சம் போகவில்லை. எனக்கு மட்டும் இல்லையா என்ன?

மார்ச் 10, ஞாயிறு

அரிசி மாவில் பன். வீட்டுக்குப் புது அடுப்பு, புது டின், புது சல்லடை. கடை மாவு பக்கத்தில்கூட வரக் கூடாது என்று எல்லாவற்றையும் மாற்றினோம். வெந்து வந்ததைச் சுவரில் அடித்தால் சுவர் பெயர்ந்திருக்கும். பசையே இல்லாத மாவை வைத்துக்கொண்டு என்ன செய்ய? பிசைந்தால் மணல் மாதிரி உதிர்கிறது. இத்தனை வருஷம் கற்ற கைவேலை இதில் செல்லாக்காசு.

மார்ச் 24, ஞாயிறு

அரிசி மாவோடு மரவள்ளி மாவு, பசைக்குக் கொஞ்சம் இசப்கோல் உமி. பிசையக் கூடாது, கூழாகக் கரைத்து ஊற்ற வேண்டும். இது அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒருத்தி சொல்லிக் கொடுத்தது. ஒவ்வொருத்தியும் ஒன்று சொன்னாள், எனக்கே பாடம் எடுத்தார்கள். மேலே பழுப்பு நிறம் வர வேண்டும் என்பதுதான் என் கவலை. மூக்கி மேல்தோலை உரித்துத்தான் ஆரம்பிப்பாள்.

முகர்ந்தாள். வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தாள். மேல்தோலை உரித்தாள். தின்றாள்!

இவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அடுப்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் என்று நூலகத்து வாசலில் அட்டை பிடித்து நின்றோம். கோதுமை கலக்காத கேக் செய்து வெட்டி வைத்திருந்தேன், தட்டு காலி. ஒருத்தர் கேக்கை மென்றுகொண்டே மூக்கியைக் காட்டி, "பாத்தா நல்லாத்தானே இருக்கா, இவளுக்கு என்ன?" என்று கேட்டார். உங்களைப் பார்த்தாலும் நல்லாத்தான் இருக்கீங்க என்றேன். நூலகர் அக்கா என் முழங்கையில் இடித்தார். அப்புறம் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்து, அவர் போதும் என்கிற வரைக்கும் பொறுமையாக விளக்கினார். எனக்கு அந்தப் பொறுமை ஏழு ஜென்மத்துக்கும் வராது.

ஆகஸ்ட் 7, புதன்

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஏறக்குறைய பழைய நிலைதான். எடை இம்மிகூட ஏறவில்லை.

"எங்கேயோ உள்ளே போயிட்டிருக்கு" என்றார் டாக்டர். எங்கே? பால், பழம், என் அரிசி பன். மூன்றும் எங்கள் கையால். இவள் வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் இருந்த டப்பாக்களை எல்லாம் இறக்கி மறுபடி கழுவினாள். போன வாரம் கழுவியவைதான்.

ஆகஸ்ட் 10, சனி

நூலகத்து மாடியில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் பார்த்தேன். யாரோ பிள்ளைகளுக்கு வாங்கி வந்தது. எனக்குக் கண் மண் தெரியவில்லை. "இங்கதான் எவளோ என் பொண்ணுக்குக் குடுத்திருக்கா! உதவி பண்றோம் உதவி பண்றோம்னு விஷம் வெக்கறீங்களா?" என்று நூலகர் அக்காவின் முகத்துக்கு நேராகக் கத்தினேன். புத்தகம் அடுக்கும் பையன் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டுவிட்டான். அக்கா "அவ தட்டு தனியா பூட்டி வெச்சிருக்கேன் தம்பி" என்று மட்டும் சொன்னார். சாவி அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

டாக்டர் டயட்டீஷியனிடம் அனுப்பினார். சின்னப் பெண். நான் வேலையிலிருந்து நேராகப் போனேன், இவளும் மூக்கியும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். காலையில் கண்ணைத் திறப்பது முதல் என்னென்ன வாயில் போகிறது என்று அந்தப் பெண் கேட்க, இவள் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். மூக்கி எழுந்து வந்தாள். என் கையைத் தூக்கினாள். மூச்சு. அப்புறம் சப்பல்.

அந்தப் பெண் என் சட்டைக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளையாக, ஈரமாக, பிசுபிசுவென்று இருந்தது.

"தினமும் இப்படிப் பண்ணுவாளா?"

ஆமாம்மா, தினமும். நான் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை இதுதான். பெருமையாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் புரிந்துவிட்டது.

கடையிலிருந்து எதுவும் கொண்டு வராதீங்க என்று டாக்டர் சொன்னார். ஒரு துண்டு ரொட்டி கொண்டு வரவில்லை. என்னையே கொண்டு வந்திருக்கிறேன்.

இவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 14, புதன்

கடையிலேயே குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். மூக்கி கையைத் தூக்கினாள், முகர்ந்தாள், கையைக் கீழே போட்டாள். கதவைத் திறந்து வெளியே பார்த்தாள். நான் உள்ளே வந்துவிட்டேன். அவள் கதவருகிலேயே நின்றாள், இனிமேல்தான் ஆள் வரப் போவது மாதிரி.

"மூக்கி, அப்பாதாண்டி. வந்துட்டேன்டி."

விளக்கு போடும் வரை நின்றாள்.

ஆகஸ்ட் 17, சனி

நூலகர் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க கத்துனதுல பயந்தவன் அவன்தான், அவன்கிட்ட சொல்லுங்க" என்று புத்தகம் அடுக்கும் பையனைக் காட்டினார். சொன்னேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை. சிவப்பு அட்டைப் புத்தகம் ஒன்றை என் கையில் வைத்தான், சிவப்பு வரிசையில் வைத்தேன்.

சட்டைக்கை விஷயத்தை அக்காவிடம் சொன்னேன். "எங்க எல்லாருக்கும் ஒரு ஏக்கம் உண்டு தம்பி, புள்ள நம்மளைத் தேடி வரணும்னு. உங்களைத் தேடி வந்திருக்கா" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பைக்குள் மடித்து வைத்திருந்த கடை ஏப்ரனை மூக்கி எடுத்திருக்கிறாள். குளியலறை மூலையில் உட்கார்ந்து, முகத்தை அதில் புதைத்து, ஓரமெல்லாம் மென்று. கையிலிருந்து பிடுங்குவதற்கு நாங்கள் இரண்டு பேர் தேவைப்பட்டோம். சாயங்காலத்திலிருந்து வயிற்றுப்போக்கு, வாந்தி. குளித்துவிட்டு வந்தாலும் காது மடலில் மாவு, செருப்பில் மாவு, பை தையலில் மாவு. எவ்வளவுதான் கழுவுவது?

செப்டம்பர் 5, வியாழன்

வேலையை விட்டுவிட்டேன். முதலாளி இந்த முறை ஐஸ் வைக்கவில்லை. மாவு கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவளிடம் சொன்னதும், "உங்களுக்கு வேற என்னங்க தெரியும்?" என்றாள். குத்திக்காட்டவில்லை, எனக்காக அழுதாள்.

அக்டோபர் 12, சனி

ஆணிக்கடைக்காரர் தன் கடையிலேயே வேலை போட்டுக் கொடுத்தார். மாவு எடை போட்ட கை ஆணி எடை போடுகிறது. கூட்டத்துப் பெண்கள் முறை போட்டு ஆளுக்கொரு நாள் அரிசி பன் சுட்டுத் தருகிறார்கள், இவளுக்குக் கொஞ்சம் ஓய்வு. இவர்களையா அன்றைக்கு விஷம் வைக்கிறவர்கள் என்றேன்? சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் மேல் துருவும் எண்ணெயும் வீசுகிறது. மூக்கி இப்போது முகர்ந்து பார்ப்பதற்குக்கூட வருவதில்லை.

டிசம்பர் 18, புதன்

முடிவு நன்றாக வந்திருக்கிறது. குடல் ஆறிக்கொண்டு வருகிறதாம். கன்னம் உப்பியிருக்கிறது, போன வருஷத்துச் சட்டை ஒன்றும் சேரவில்லை. டாக்டர் எழுந்து நின்று எங்களுக்குக் கை கொடுத்தார்.

பேச்சு பற்றி இவள் எதுவும் கேட்கவில்லை. ஆட்டோவில் வரும்போது மூக்கியின் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜனவரி 11, சனி

கூட்டம் முடிந்து மூக்கியைக் கூட்டிக்கொண்டு நடந்து வந்தேன். பழைய பேக்கரித் தெரு வழியாக நாங்கள் வருவதில்லை. இன்று பெரிய சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், வேறு வழி இல்லை.

கடை வாசலில் புது மாஸ்டர் டீ குடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பழக்கமில்லாத ஆள். முழங்கை வரை மாவு.

மூக்கி என் கையை உதறினாள். நேராகப் போய் அவர் கையைத் தூக்கினாள். சட்டைக்கையை மூக்கில் வைத்து இழுத்து ஒரு மூச்சு. கண்ணை மூடிக்கொண்டாள். "ஐயோ பாப்பா, மாவு ஒட்டிக்கும்" என்று அவர் சிரித்தார், கையை இழுத்துக்கொள்ளவில்லை. நல்ல மனுஷன்.

இத்தனை நாளும் அவள் என்னைத்தான் தேடியிருக்கிறாள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

சப்புவதற்கு வாயைத் திறந்தாள். ஓடிப்போய் இழுத்தேன். வீறிட்டாள், விரல்கள் அந்தச் சட்டையை விடவில்லை, ஒவ்வொன்றாகப் பிரித்தேன். "பரவால்ல சார், குழந்தைதானே" என்றார் அவர். இல்லை தம்பி, ஆகாது என்றேன். கைக்குட்டையால் அவள் மூக்கையும் வாயையும் துடைத்து, தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். முதுகில் அடித்துக்கொண்டே வந்தாள். முன்பெல்லாம் ஒரு கையிலேயே தூக்கிவிடுவேன். இப்போது நன்றாகக் கனக்கிறாள். தெருமுனை தாண்டுவதற்குள் மூச்சு வாங்கி, ஒருமுறை இறக்கி வைத்துவிட்டுத்தான் மறுபடி தூக்க முடிந்தது.