கடைசி இருபது பக்கங்கள்

ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தை நீ எழுதினால்தானே தெரியும்? வக்கீல் சாருக்கு வாய்தா வாங்கவே பொழுது சரியாக இருக்கும்.

ஒரு நல்ல செய்தி. நாம் சின்ன வயதில் கேட்ட மாதிரியே ரேடியோவில் பழைய துப்பறியும் நாவல்களை மறுபடி நாடகமாகப் போடுகிறார்கள். ஞாயிறு மதியம், நான்கு வாரத் தொடர். கதவு கிறீச்சிட்டால் போதும், அடுப்பில் என்ன இருக்கிறது என்பதே எனக்கு மறந்துவிடுகிறது. இந்த முறை மலை பங்களாவில் ஒரு பணக்காரக் கிழவரைக் கொன்றுவிட்டார்கள். டாக்டர், மருமகன், சமையல்காரி மூன்று பேர் மேலும் சந்தேகம். நீயாக இருந்தால் இரண்டாம் வாரமே ஆளைச் சொல்லியிருப்பாய். அப்படி நீ சொன்ன ஒரு நாள்தானே அப்பா உன் முதுகில் தட்டி, "இவனுக்குத்தான் மூளை. இவன் படிக்கட்டும், அவ வேலைக்குப் போகட்டும்" என்றார்? சரியாகத்தான் சொன்னார்.

கேட்க வந்தது வேறு. என் பெண், உன் மருமகள், கணக்குப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வந்திருக்கிறாள். என் மூளைதானே அவளுக்கும் இருக்கும்? மூன்று வருஷத்தை வீணாக்குவதற்குப் பதில் எங்கள் மாத்திரைக் கம்பெனியில் என்னோடு பேக்கிங்கில் சேரலாம். நான் சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். மாமா சொன்னால் கேட்பாள். நாலு வரி எழுதிப் போடு.

உன் அன்பு அக்கா


ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

கோர்ட்டில் வேலை தலைக்கு மேல். நாடகமெல்லாம் நான் கேட்பதே இல்லை. குற்றவாளி யாரென்று எனக்கு எப்படித் தெரியும்? பழைய கதையை எல்லாம் எதற்குக் கிளறுகிறாய்?

மருமகள் விஷயத்தில் அவசரப்படாதே. படிக்கட்டுமே.

அன்புடன்,
தம்பி


ஜூன் 21

அன்புத் தம்பிக்கு,

டாக்டர்தான்! கடைசி வாரத்துக்கு முன்னாலேயே நான் கண்டுபிடித்துவிட்டேன்!

எப்படி என்று கேள். கொலை நடந்த அன்று நல்ல மழை. உள்ளே வந்த ஒவ்வொருவரும் குடையை உதறும் சத்தம் கேட்டது. டாக்டரும் "இப்பதான் வெளியேருந்து வர்றேன்" என்றார். ஆனால் குடைச் சத்தம் இல்லை, செருப்பில் ஈரச் சத்தமும் இல்லை. அப்படியென்றால் ஆள் முன்பே உள்ளேதானே இருந்திருக்கிறார்? கம்பெனியில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். குருட்டு அதிர்ஷ்டம் என்றேன். வேறென்ன?

விண்ணப்பத்துக்கு முப்பதாம் தேதி கடைசி. "மாமா என்ன சொல்றாரோ அதைச் செய்றேன்மா" என்று சொல்லிவிட்டாள். 'வேலைக்குப் போ' என்று நீ ஒரு வார்த்தை எழுதினால் போதும். நழுவாதே.

உன் அன்பு அக்கா


ஜூன் 24

அக்கா,

அது குருட்டு அதிர்ஷ்டம் இல்லை. எனக்குத்தான் அந்தக் காது என்றைக்குமே இருந்ததில்லை.

அந்தக் காலத்தில் அடுத்த மாதம் எந்த நாவல் என்று ரேடியோவில் முன்கூட்டியே சொல்வார்கள். அந்தப் புத்தகங்கள் எங்கள் பள்ளி நூலகத்தில் இருந்தன. போய் நின்றபடியே கடைசி இருபது பக்கங்களை மட்டும் படித்துவிட்டு வருவேன். முழுசாக ஒன்றுகூடப் படித்ததில்லை. நீ ரேடியோவில் காதை ஒட்டிக்கொண்டு, "இரு இரு, அந்தக் காலடிச் சத்தம்..." என்று தொடங்குவாய். நீ சொல்லிவிடுவாயோ என்று பயந்து, குறுக்கே விழுந்து பெயரைச் சொல்வேன். அப்பா பூரித்துப்போவார்.

முதலில் விளையாட்டாகத்தான் செய்தேன். ஆனால் உன்னை வேலைக்கு அனுப்புவதாக அப்பா சொன்ன அன்று எனக்குப் பதினாலு வயது. எல்லாம் புரியும் வயது. வாயைத் திறக்கவில்லை. மறுநாள் நீ எனக்குப் பேனா வாங்கிக்கொடுத்தாய். அதையும் வாங்கிக்கொண்டேன்.

வெட்கமாக இருக்கிறது, அக்கா. கோர்ட்டில் சாட்சியைப் பார்த்து "உண்மையைச் சொல்லுங்க" என்று அதட்டும்போதெல்லாம் கூசுகிறது. போன கடிதத்திலும் உன்மேல் எரிந்து விழுந்து தப்பிக்கத்தான் பார்த்தேன்.

அவளைப் படிக்க விடு. என்னை மன்னிப்பாயா?

தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தபின் மூன்று நாள் வேலையே ஓடவில்லை. இரண்டு பெட்டியில் மாத்திரை அட்டையை மாற்றி வைத்து சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன்.

கோபம் என்று சொன்னால் போதாது. இத்தனை வருஷமும் யார் எதைக் கேட்டாலும் "எனக்கு அதெல்லாம் வராதுங்க" என்று பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிட்டிருக்கிறேன். வெட்கம் என்று நீ எழுதியிருக்கிறாய். எனக்கும்தான். என் பெண்ணுக்கு நானே அதைச் செய்யப் பார்த்தேனே! நீயாவது இருபது பக்கம் படித்தாய். நான் ஒன்றையும் பார்க்காமலே அவளுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

இருபத்தொன்பதாம் தேதி நானும் அவளும் போய் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். ஏன் திடீரென்று மனசு மாறினாய் என்று கேட்டாள். மாமா எழுதினார் என்றேன். "மாமாவுக்குத்தான் என்மேல நம்பிக்கை" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்த நல்ல பெயரும் உனக்கே வந்துவிட்டது, பார். உன் கடிதத்தை அவளிடம் நான் காட்டப்போவதில்லை. நேரில் வந்து, அவள் முகத்தைப் பார்த்து, நீயே சொல். அதுவரை எனக்குக் கடிதம் போடாதே.

அக்கா