ஜிலேபி எழுத்து ரெஜிஸ்டர்

18 நவம்பர் 2002, திங்கள்

டெல்லிக் குளிர் வந்தாயிற்று. பெட்டியிலிருந்து ஸ்வெட்டர்களை எடுத்ததில் வீடு முழுக்க அந்துருண்டை வாடை. ரஜாய்ப் பஞ்சுப் போர்வை இரண்டையும் மொட்டை மாடியில் வெயிலுக்குப் போட வேண்டும். காஸ் புக் பண்ண வேண்டும். இவருக்கு இருமல். கஷாயம் என்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

மூன்றாவது பீரியட். சுகன்யா வரவில்லை. நடுவில் தீபாவளி லீவைக் கழித்தால் இதோடு மூன்று திங்கள். ஒன்பது ஏ-வுக்குப் பியூனை அனுப்பினேன். கணக்கு டெஸ்ட் இருக்கிறதாம். ஸ்டாஃப் ரூமில் கணக்கு டீச்சரைக் கேட்டேன். டெஸ்டாவது, மண்ணாவது.

அக்டோபர் வரை தானாக வந்துகொண்டிருந்த பெண். மணி அடித்த மறு நிமிடம் பிளைவுட் தடுப்புக்குக் கீழே அவள் ஷூ தெரியும். என் 'கவுன்சலிங் ரூம்' என்பது ஸ்போர்ட்ஸ் ஸ்டோரில் பாதி. ஒரு பிள்ளை அழ ஆரம்பிக்கிற நேரத்தில்தான் பி.டி. மாஸ்டருக்கு வாலிபால் தேவைப்படும். இருபது வருடம் பயாலஜி நடத்தியவளை ஒரு வருட டிப்ளமோவுக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் இங்கே உட்கார வைத்துவிட்டார்கள். நேற்று வரை தவளை, இன்று பிள்ளைகள்.

காரிடாரில் என்னைக் கண்டால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பிவிடுகிறாள். ஒரே காலனி, மூன்று பிளாக் தள்ளி வீடு. அங்கேயும் இப்படித்தான். முன்பெல்லாம் பால் பூத்தில் 'ஆன்ட்டி' என்று ஓடி வருவாள். நான் என்ன செய்தேன்?

19 நவம்பர், செவ்வாய்

சிவப்புக் காரட் வந்துவிட்டது. ஹல்வா கிளற ஆசை, துருவத்தான் சோம்பல்.

ரெஜிஸ்டரில் சுகன்யா பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். தமிழில் குறிப்பு எழுதுவது போன வருடம் தொடங்கிய வழக்கம். அதற்கு முன் ஆங்கிலம். பிரின்சிபால் மேடம் ஒருநாள் ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு போய், படுக்கையை நனைக்கிற ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளையைப் பற்றி டீ நேரத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். ஒரு வாரம் அந்தப் பிள்ளையை எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். அன்றிலிருந்து தமிழ். அடுத்த முறை புரட்டிப் பார்த்துவிட்டு, 'யே க்யா ஜிலேபி பனாயி ஹை?' என்று சிரித்தார், இது என்ன ஜிலேபி பிழிந்து வைத்திருக்கிறாய் என்று. சிரிக்கட்டும். பீரோ சாவி தொலைந்து ஆறு மாதம் ஆகிறது. ரெஜிஸ்டர் மேஜை மேல்தான் கிடக்கிறது. இந்தப் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், ஒன்றுக்கும் எழுத்துக் கூட்டத் தெரியாது. அம்மாக்களே அதை ஒரு பெருமைபோலச் சொல்வார்கள்.

அக்டோபர் 21-இல் எழுதியது அப்படியே:

'சு., 9ஏ. அப்பா ஆபீஸ் போவதில்லை, போவதாக நடிக்கிறார் என்கிறாள். நம்பும்படி இல்லை. கதை கட்டுகிறாள். தன்னைக் கவனிக்க வேண்டும் என்ற ஏக்கம். அம்மாவை அழைத்துப் பேச அவசியம் இல்லை.'

அவள் சொன்னது: செப்டம்பரில் வகுப்போடு புராணா கிலா கோட்டைக்குப் பிக்னிக். படகு விடுகிற ஏரிக்கரையில், பகல் பதினோரு மணிக்கு, பெஞ்சில் அப்பா. மடியில் டிபன் பாக்ஸ். சிநேகிதிகள் பார்த்துவிடக் கூடாதே என்று அவர்களைச் சமோசாக் கடைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாளாம். அன்று சாயங்காலம் 'ஆபீஸ் எப்படி இருந்துச்சுப்பா' என்று கேட்டதற்கு 'மூச்சு விட நேரமில்ல' என்றாராம்.

அவள் கேட்ட உதவி ஒன்றுதான். 'நான் சொன்னா அம்மா என்னைத்தான் டாண்டுவா, திட்டுவா. நீங்க சொல்றீங்களா மேம்?' பார்க்கலாம், அடுத்த திங்கள் பேசலாம் என்றேன்.

ஏன் நம்பவில்லை? அவள் அப்பா நடராஜனைத் தினமும் பார்க்கிறேன். சாயங்காலம் ஆறே காலுக்கு, இஸ்திரி கலையாத சட்டை, கையில் டிபன் பை, ஆபீஸ்காரர்களை ஏற்றிப்போகிற சார்ட்டர்ட் பஸ் நிற்கிற முனையிலிருந்து நடந்து வருவார். மினிஸ்ட்ரியில் செக்‌ஷன் ஆபீசர். காலனி பஜனைக்கு ஜமக்காளம் விரிப்பதிலிருந்து சுண்டல் வரை அவர் பொறுப்பு. இவளோ ஆகஸ்டில் பி.டி. பீரியடுக்குப் பயந்து காய்ச்சல் என்று பொய் சொன்னவள். என் கணக்கு இவ்வளவுதான்.

20 நவம்பர், புதன்

எழுத்து கோணலாக வருகிறது.

இவர் சாயங்காலம் நடந்துவிட்டு வந்து, மஃப்ளரைக்கூட அவிழ்க்காமல் சொன்னார். "நடராஜன் வீட்டுல நேத்து பெரிய ரகளையாம். அந்தாளு ஜூலைலேர்ந்து ஆபீசே போகலையாம். கவுஹாத்திக்கு மாத்தல் ஆர்டர் வந்திருக்கு. போயிச் சேரவும் இல்ல, வீட்ல சொல்லவும் இல்ல. சேமிப்பை எடுத்துச் சம்பளம்னு வீட்ல கொடுத்துட்டு, டெய்லி டிபனக் கட்டிக்கிட்டு பார்க் பார்க்கா சுத்தியிருக்காரு."

யார் சொன்னது என்று கேட்டேன். சார்ட்டர்ட் பஸ் நடத்துகிற சர்தார்ஜி. வீட்டுக்கே வந்து சுகன்யாவின் அம்மா உமாவிடம் கேட்டிருக்கிறார், சாரின் ஜன்னல் சீட் நாலு மாதமாகக் காலியாகக் கிடக்கிறது, வேறு ஆளுக்குக் கொடுத்துவிடட்டுமா என்று.

அந்தப் பெண் சொன்னது அத்தனையும் நிஜம்.

இவர் சாப்பிட்டுவிட்டு ரசத்தில் உப்பு இல்லை என்றார். எனக்குத் தெரியவில்லை.

21 நவம்பர், வியாழன்

உமா பள்ளிக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. டெல்லியில் பிறந்து வளர்ந்தவள், அழும்போது பாதி இந்திதான் வருகிறது.

"சர்தார்ஜி கேக்கறார், நான் பாகல் மாதிரி, பைத்தியம் மாதிரி வாசல்ல நிக்கறேன் டீச்சர். அதுகூடப் போகட்டும். இவளுக்குத் தெரியுமாம்! செப்டம்பர்லேருந்து தெரியுமாம்! தெரிஞ்சும் வாயத் தொறக்கல. அப்பாவும் பொண்ணும் சேந்து என்னை பேவ்கூஃப் ஆக்கிட்டாங்க, முட்டாளாக்கிட்டாங்க. விட்டேன் ஒரு அறை."

நான் தண்ணீர் கொடுத்தேன்.

"சரி, என்கிட்ட சொல்ல பயம். உங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? வாரா வாரம் வர்றாளே, ஒரு வார்த்தை சொன்னாளா?"

இதற்கு ஒரே பதில்தான் உண்டு. 'சொன்னாள். உங்களிடம் சொல்லச் சொல்லி என்னைக் கெஞ்சினாள்.' நான் அதைச் சொல்லவில்லை. பிள்ளைகள் பேசுவதை வெளியே சொல்லக்கூடாது உமா, அது விதி என்று என்னென்னவோ உளறினேன். விதியாம். விதி என்கிற போர்வைக்குள் புகுந்துகொண்டேன். அவள் வீட்டுக்குப் போய் அந்தப் பெண்ணை இன்னும் என்ன சொல்லியிருப்பாளோ.

கோழை. வேறு சொல் இல்லை.

22 நவம்பர், வெள்ளி

லைப்ரரிக்கு வெளியே சுகன்யாவை மடக்கினேன். கன்னத்தில் ஒன்றும் தெரியவில்லை. பின்னே, மூன்று நாளுக்குப் பிறகும் தெரியுமா என்ன. ஆனாலும் பார்த்தேன்.

"ஏம்மா வர்றதில்ல?"

"டைம் இல்ல மேம்."

"கோவமா? நான் அம்மாகிட்ட பேசலன்னு?"

ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சாதாரணமாக, மணி என்ன என்று சொல்வதுபோல, "எனக்குத் தமிழ் படிக்க வரும் மேம்" என்றாள்.

எனக்கு முதலில் புரியவே இல்லை. என்ன ஒரு மக்கு. அக்டோபர் 21-ஆம் தேதி, அவள் எதிரிலேயே குறிப்பை எழுதினேன். தைரியம் அப்படி. நடுவில் பிரின்சிபால் மேடம் கூப்பிட்டார் என்று ரெஜிஸ்டரைத் திறந்தபடி வைத்துவிட்டுப் போனேன். பத்து நிமிடம். திரும்பி வந்தபோது அவள் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள்.

எங்கே கற்றாய் என்று கேட்டேன். கும்பகோணத்திலிருந்து அத்தை கடிதம் போடுவாளாம். அம்மாவுக்குத் தமிழ் படிக்க வராது. அப்பா வாசித்துக் காட்டுவார். "பாதிதான் படிப்பார். மீதி அவர் ஃபேஸ்ல இருக்கும். அதான் காலண்டரைப் பார்த்து நானே கத்துக்கிட்டேன். யாருக்கும் தெரியாது."

மறைப்பதைக் கண்டுபிடிப்பதற்காகவே ஒரு எழுத்தைக் கற்றுக்கொண்ட பிள்ளை. அந்தப் பிள்ளையிடம்தான் நான் மறைத்தேன்.

பெல் அடித்தது. போய்விட்டாள்.

25 நவம்பர், திங்கள்

பீரோவுக்குப் புதுப் பூட்டு வாங்கி வந்தேன். இரண்டு சாவி. இப்போது வாங்கி என்ன.

மூன்றாவது பீரியட் வரமாட்டாள் என்று தெரிந்தும் பிளைவுட்டுக்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தேன். பி.டி. மாஸ்டர் ஷூ வந்தது. "மேடம், ஏக் ஸ்கிப்பிங் ரோப்."

28 நவம்பர், வியாழன்

வீட்டில் யாரும் இல்லை. ரஜாய் இன்னும் மாடிக்குப் போகவில்லை.

செய்திருக்க வேண்டியது:
– அன்றைக்கே உமாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நம்பாவிட்டாலும். பெண் இப்படி ஒரு பயத்தில் இருக்கிறாள் என்று மட்டுமாவது.
– அது முடியாதென்றால் நடராஜனை. பால் பூத்தில் 'எப்படி இருக்கீங்க சார்' என்று தினம் கேட்கிற வாய்க்கு இன்னொரு கேள்வி கேட்கத் தெரியவில்லை.
– 'கதை கட்டுகிறாள்'. இதை எந்தப் பிள்ளையைப் பற்றியும் எந்த மொழியிலும்

(இங்கே காலிங் பெல். காஸ்காரன்.)

நடராஜனையும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நாலு மாதம், வெயிலிலும் மழையிலும் பெஞ்ச் பெஞ்சாக. அவரிடம் போய் யாராவது உட்கார்ந்து பேசியிருப்பார்களா? இப்போது கவுஹாத்திக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாராம். தனியாக.

1 டிசம்பர், ஞாயிறு

உமா வீட்டுக்குப் போனேன். இவரிடம்கூடச் சொல்லவில்லை, கொத்தமல்லி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன்.

ஹாலில் அட்டைப் பெட்டிகள். உமா சணல் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். ஜனக்புரியில் அவள் அண்ணன் வீட்டு மாடிக்குப் போகிறார்களாம். குவார்ட்டர்ஸை வைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் இந்தக் காலனியில் இனித் தலைநிமிர்ந்து காய்கறி வாங்க முடியாது என்கிறாள். சுகன்யாவுக்கும் அங்கேயே வேறு பள்ளி.

நின்றபடியே சொல்லிவிட்டேன். "உமா, சுகன்யா என்கிட்ட சொன்னா. அக்டோபர்லயே சொன்னா. உன்கிட்ட சொல்லச் சொல்லிக் கேட்டா. நான்தான் நம்பல. அவ மேல தப்பே இல்ல."

கயிற்றை முடிச்சுப் போட்டு முடித்தாள். "அச்சா. அப்ப உங்களுக்கும் தெரியும். சர்தார்ஜிக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்." காபி வேண்டுமா என்று கேட்டாள். கேட்காமலே இருந்திருக்கலாம்.

உள் அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. பெண் உள்ளேதான் இருந்திருக்க வேண்டும். காதில் விழுந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கொத்தமல்லி வாங்க மறந்து வெறுங்கையோடு வந்தேன்.

5 டிசம்பர், வியாழன்

பிரின்சிபால் மேடத்திடம் போய் இனி ரெஜிஸ்டர் பீரோவில் பூட்டித்தான் இருக்கும், யாரும் கேட்கக்கூடாது என்றேன். "ஏன், ஜிலேபி எனக்குப் புரியாதே" என்றார் இந்தியில். புரிகிறவர்கள் இருக்கிறார்கள் மேடம் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்தத் தைரியம் போன வருடமே வந்திருந்தால் தமிழில் எழுதியே இருக்க வேண்டாம்.

முட்டி வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

9 டிசம்பர், திங்கள்

பனிமூட்டம். எதிரே வருகிற பஸ் தெரியவில்லை. ஸ்கூல் பஸ் நாற்பது நிமிடம் லேட், பிரேயர் கிடையாது.

மூன்றாவது பீரியடில் சுகன்யா வந்தாள். டி.சி. வாங்குவதற்கு முன் ஒவ்வொரு இடமாகக் கையெழுத்து வாங்குகிற தாள். லைப்ரரி, லேப், ஸ்போர்ட்ஸ் எல்லாம் ஆகிவிட்டது, மீதி நான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மன்னிச்சுக்கோம்மா. நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது."

"எழுதினது பரவால்ல மேம். நானும் ஃபீவர்னு பொய் சொல்லியிருக்கேன்ல." தாளை என் பக்கம் நகர்த்தினாள். "ஆனா அன்னைக்கு நான் சொல்றப்போ நீங்க தலைய ஆட்டிட்டே இருந்தீங்க. நம்பறீங்கன்னு நெனச்சேன்."

கையெழுத்துப் போட்டேன். பேனா முதலில் எழுதவில்லை, உதறிவிட்டுப் போட வேண்டியிருந்தது. தாளை நாலாக மடித்துப் பிளேசர் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, 'தேங்க்யூ மேம்' என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

டிப்ளமோவில் அதற்குத் தனி மார்க் உண்டு. பிள்ளை பேசும்போது குறுக்கே பேசாமல், கண்ணைப் பார்த்து, மெல்லத் தலையசைக்க வேண்டும். பிராக்டிகலில் எனக்கு முழு மார்க்.

நாலாவது பீரியட், ஏழு பி-யிலிருந்து ஒரு பெண். புதுசு. வீட்டில் அம்மாவுக்கும் சித்திக்கும் சண்டை, இவள் நடுவில். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தலையை அசைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடம் பேசினாள். பிறகு நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"மேம், ஆப் சுன் ரஹீ ஹைன் நா?"

கேட்டுக்கொண்டுதானே இருக்கிறீர்கள் என்று.